காற்றை வெளியேற்றினால் போதுமா?

(சற்று நீண்ட பதிவு. சமையலறைக்கும் சரித்திரத்துக்கும் சம்பந்தம் உண்டு என்று நம்புகிறவர்கள் நேரம் கிடைக்கும்போது பொறுமையாகப் படிக்கலாம்.)



அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கத்து வீடுகளில் மிக்ஸிக்கும் கிரைண்டருக்கும் பக்கத்தில் இப்போது ஒரு புது மெஷின் வந்து உட்கார ஆரம்பித்திருக்கிறது. ஒரு முழ நீளம் இருக்கும். பிளாஸ்டிக் பையின் வாயை அதற்குள் வைத்து மூடியை அழுத்தினால் 'உர்ர்' என்று பைக்குள் இருக்கும் காற்றை உறிஞ்சிவிட்டு, வாயைச் சூடாக்கி ஒட்டிவிடும். வேக்குவம் சீலர். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்குப் பொடியும் ஊறுகாயும் அனுப்புகிறவர்கள், ஞாயிற்றுக்கிழமை கோயம்பேடு போய் வாரத்துக்கு வேண்டியதை மொத்தமாக வாங்கி வருகிறவர்கள், வீட்டிலேயே மசாலா அரைத்து விற்கும் பெண்கள் என்று பலரும் வாங்குகிறார்கள். நல்ல மெஷின்தான். நான் குறை சொல்ல வரவில்லை.

என்னிடம் படித்த ஒரு பெண் போனில் கேட்டாள். "டீச்சர், காத்தை எடுத்துட்டா எதுவுமே கெடாதுதானே? சாம்பாரை இதுல போட்டு அலமாரியில வெச்சா ஒரு மாசம் தாங்குமா?"

"தாங்காதும்மா. வெக்கவே வெக்காதே" என்று உடனே சொல்லிவிட்டேன். ஆனால் ஏன் என்று சொல்ல இரண்டு நிமிடம் போதாது. காற்றுக்கும் உணவுக்கும் உள்ள உறவைப் புரிந்துகொள்ள விஞ்ஞானிகளுக்கே இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அந்தக் கதையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் நம் பாட்டிமார்களிடமிருந்து தொடங்குவோம்.

இன்று எஸ்டேட், தொழிற்சாலை, அடுக்குமாடி என்று இருக்கும் இந்தப் பகுதி அடிப்படையில் ஏரிகளின் பகுதி. அம்பத்தூர் ஏரி, கொரட்டூர் ஏரி, ஆவடிப் பருத்திப்பட்டு ஏரி, பூந்தமல்லியைத் தாண்டினால் செம்பரம்பாக்கம். ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த ஊர்கள். அறுவடை செய்ததை அடுத்த அறுவடை வரை காப்பாற்ற வேண்டும். அதற்கு அவர்கள் என்ன செய்தார்கள்?

நெல்லை நன்றாகக் காயவைத்துக் குதிரில் கொட்டி, வாயை மண்ணால் பூசி மூடினார்கள். துவரைக்குச் செம்மண் கட்டிக் காயவைத்தார்கள். துவரம் பருப்பில் விளக்கெண்ணெய் தடவினார்கள். அரிசியில் வேப்பிலை போட்டார்கள். மாங்காயை உப்பில் ஊறவைத்து, காரம் சேர்த்து, மேலே ஒரு விரற்கடை நல்லெண்ணெய் நிற்கும்படி ஊற்றி, பீங்கான் ஜாடியின் வாயில் வெள்ளைத் துணியால் வேடு கட்டினார்கள். மீனைக் கருவாடாக்கினார்கள். கறியை உப்புக்கண்டம் போட்டார்கள். கத்தரி, சுண்டைக்காய், மணத்தக்காளி எல்லாம் வற்றலாயின.

இதில் ஊறுகாய் ஜாடியை மட்டும் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். மேலே நிற்கும் எண்ணெய் செய்வது என்ன? காற்றைத் தடுக்கிறது. காற்று இல்லாவிட்டால் பூஞ்சைக் காளான் பூக்காது. வேக்குவம் சீலர் செய்கிற அதே வேலைதான். ஆனால் பாட்டி அந்த எண்ணெயை மட்டும் நம்பவில்லை. அதன் அடியில் உப்பு இருக்கிறது, மாங்காயின் புளிப்பு இருக்கிறது. எண்ணெய் ஒரு காவலன் என்றால் உப்பும் புளிப்பும் இன்னும் இரண்டு காவலர்கள். குதிரிலும் அப்படியே. மூடிய வாய் ஒரு காவலன், நெல்லின் காய்ச்சல் இன்னொரு காவலன். ஈர நெல்லைக் குதிரில் கொட்டி எவ்வளவு இறுக்கி மூடினாலும் அது பாழ்தான் என்பது எந்த விவசாயிக்கும் தெரியும்.

காற்றை அடைப்பது எப்போதும் பாதி வேலை. மீதிப் பாதிக்கு ஒரு துணை வேண்டும். இந்தப் பதிவில் ஒரே ஒரு வரியை நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள்.

நமக்கு மட்டும் தெரிந்த விஷயம் இல்லை இது. புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் 1945-இல் மார்ட்டிமர் வீலர் அகழாய்வு செய்தபோது ரோமானியர்களின் ஆம்போரா ஜாடித் துண்டுகள் கிடைத்தன. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு வாயை அடைத்துக் கப்பலில் வந்த ஜாடிகள். உள்ளே வந்தவை திராட்சை மது, ஆலிவ் எண்ணெய், உப்பில் ஊறிய மீன் குழம்பு. மதுவில் சாராயம், எண்ணெயில் நீரின்மை, மீனில் உப்பு. ஒவ்வொன்றிலும் மூடிக்குத் துணையாக இன்னொரு காவலன்.

இனி ஐரோப்பாவுக்குப் போவோம்.

'வெற்றிடம்' என்று ஒன்று இருக்க முடியுமா என்பதே ஒரு காலத்தில் பெரிய சண்டை. 1640களில் இத்தாலியில் டாரிசெல்லி பாதரசக் குழாயை வைத்து, நம் தலைமேல் காற்றின் எடை அழுத்திக்கொண்டிருக்கிறது என்று காட்டினார். 1650களில் ஜெர்மனியின் மக்டபர்க் நகர மேயர் ஆட்டோ வான் கெரிக் காற்றை உறிஞ்சும் பம்பு செய்தார். இரண்டு அரைக்கோளங்களை ஒட்டவைத்து, உள்ளே இருந்த காற்றை எடுத்துவிட்டு, இரு பக்கமும் குதிரைகளைப் பூட்டி இழுத்தும் பிரிக்க முடியவில்லை என்ற சோதனையை என் மாணவர்கள் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். இன்று உங்கள் வீட்டு மெஷினில் முந்திரிப் பருப்புப் பை கல் மாதிரி இறுகிப்போகிறதே, அதே காரணம்தான். மெஷின் பையை அமுக்குவதில்லை. உள்ளே காற்று இல்லாததால் வெளிக்காற்று அமுக்குகிறது.

பம்பு வந்த சில பத்தாண்டுகளிலேயே டெனி பாப்பின் என்ற பிரெஞ்சுக்காரர், ராபர்ட் பாயிலோடு சேர்ந்து, பழத்தையும் இறைச்சியையும் காற்றில்லாப் பாத்திரத்தில் வைத்துப் பார்த்தார். 1679-இல் பிரஷர் குக்கரின் மூதாதையைச் செய்தவரும் இதே பாப்பின்தான். நம் அடுப்படியின் இரண்டு சாமான்களுக்கு ஒரே தாத்தா!

அதன் பிறகு நெப்போலியன் காலத்துப் போர்கள். படைகளுக்குக் கெடாத உணவு வேண்டியிருந்தது. நிக்கோலா அப்பேர் என்ற மிட்டாய்க்காரர் பல வருஷம் உழைத்து ஒரு முறையைக் கண்டுபிடித்தார். உணவைக் கண்ணாடிப் புட்டியில் போட்டு, தக்கையால் இறுக அடைத்து, கம்பியால் கட்டி, புட்டியோடு கொதிநீரில் வேகவைத்தார். மாதக்கணக்கில் கெடவில்லை. 1810-இல் பிரெஞ்சு அரசு அவருக்கு 12,000 பிராங்க் கொடுத்தது. அதே ஆண்டு அவருடைய புத்தகமும் வந்தது. அதே 1810-இல் இங்கிலாந்தில் பீட்டர் டுராண்ட் தகர டப்பாவுக்குக் காப்புரிமை வாங்கினார்.

முறை சரி. ஆனால் அது ஏன் வேலை செய்கிறது என்பது அப்பேருக்குத் தெரியாது. புகழ்பெற்ற வேதியியலாளர் கேலுசாக் அந்தப் புட்டிகளைச் சோதித்தார். உள்ளே ஆக்சிஜன் இல்லை. உடனே, ஆக்சிஜன் இல்லாததால்தான் உணவு கெடவில்லை என்று முடிவு கட்டினார். பெரியவர் சொன்னதால் உலகம் நம்பியது. 'காத்தை எடுத்துட்டா எதுவும் கெடாது' என்ற நம்பிக்கைக்கு விஞ்ஞான முத்திரை விழுந்தது அன்றுதான். அது தவறான முத்திரை. புட்டியைக் காப்பாற்றியது சூடு. மூடி செய்ததெல்லாம் புதுக் கிருமி உள்ளே வராமல் தடுத்தது.

அதை நிரூபிக்க லூயி பாஸ்டர் வர வேண்டியிருந்தது. உணவைக் கெடுப்பது காற்று அல்ல, நுண்ணுயிர் என்று 1860களில் அவர் காட்டினார். அதைவிட முக்கியமான இன்னொன்றை 1861-இல் கண்டார். காற்றே இல்லாமல் வாழும் நுண்ணுயிர்களும் உண்டு! சிலவற்றுக்குக் காற்றுதான் எமன். நாம் காற்றை எடுத்தால் அவற்றுக்குக் கொண்டாட்டம்.

அந்தக் கொண்டாட்டம் எவ்வளவு கொடியது என்பது 1895 டிசம்பரில் தெரிந்தது. பெல்ஜியத்தில் எல்செல் என்ற கிராமம். ஒரு சாவு வீட்டுக்கு வாசிக்கப் போன இசைக்குழுவினர் அங்கே பரிமாறிய உப்பிட்ட பன்றி இறைச்சியைச் சாப்பிட்டார்கள். பார்வை இரண்டு இரண்டாகத் தெரிந்தது, பேச்சு குழறியது, விழுங்க முடியவில்லை. மூன்று பேர் இறந்துபோனார்கள். எமில் வான் எர்மெங்கெம் என்ற ஆய்வாளர் அந்த இறைச்சியிலிருந்து ஒரு கிருமியைப் பிரித்தெடுத்தார். இன்று அதன் பெயர் கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம். உப்புநீருக்கு அடியில் காற்று இல்லை. அந்த உப்பும் போதுமான அளவு இல்லை. துணைக் காவலன் தூங்கிவிட்டான். கிருமி நுழையவில்லை, ஏற்கெனவே உள்ளேயே இருந்தது.

இந்தக் கிருமி எங்கோ பெல்ஜியத்தில் இருப்பது அல்ல. உலகமெங்கும் மண்ணில் இருக்கிறது. அதன் விதை போன்ற வித்துகள் சாதாரணமாகக் கொதிக்கவைத்தால் சாகாது. அவற்றைக் கொல்ல 121 டிகிரி செல்சியஸ் வேண்டும். காற்றில்லாத, ஈரமான, புளிப்பு குறைந்த, வெதுவெதுப்பான இடம் கிடைத்தால் முளைத்து நஞ்சை உண்டாக்கும். இப்போது அலமாரியில் வைத்த சாம்பார்ப் பையை நினைத்துப் பாருங்கள். காற்றில்லை. ஈரம் உண்டு. பருப்பும் காயும் சேர்ந்து புளியின் காரத்தைக் குறைத்துவிட்டன. நம் ஊர் அறை வெப்பம் 30 டிகிரிக்கு மேல். கிருமிக்கு நாமே தொட்டில் கட்டித் தருகிறோம்.

"குக்கரில்தானே வேகவைத்தோம், அதிலேயே செத்திருக்குமே?" என்று கேட்கலாம். அப்பேர் செய்த வரிசையைப் பாருங்கள். முதலில் மூடினார், பிறகு சூடாக்கினார். நாம் முதலில் சூடாக்குகிறோம், பிறகு திறந்து, தாளித்து, கரண்டியால் அள்ளி, பையில் ஊற்றி மூடுகிறோம். நடுவில் எத்தனை கைகள், எத்தனை பாத்திரங்கள்! வரிசை மாறினால் பலனும் மாறிவிடும்.

அடுத்த துணை, குளிர்.

மெரினா கடற்கரைச் சாலையில் இன்று விவேகானந்தர் இல்லமாக இருக்கும் கட்டடத்தின் பழைய பெயர் ஐஸ் ஹவுஸ். 1842-இல் கட்டியது. அமெரிக்காவின் பாஸ்டன் பக்கத்து ஏரிகளில் குளிர்காலத்தில் உறைந்த பனிக்கட்டியை அறுத்து, மரத்தூளில் பொதிந்து, ஃபிரடெரிக் டியூடரின் நிறுவனம் கப்பலில் இங்கே அனுப்பியது. நம் வெயிலில் உருகாமல் அதை வைக்கத்தான் அந்தக் கட்டடம். வாங்கியவர்கள் வெள்ளைக்காரர்களும் பணக்காரர்களும். சாதாரண ஜனங்களுக்குக் குளிர் எட்டாத பொருள். 1874-இல் சென்னையிலேயே ஐஸ் செய்யும் கம்பெனி வந்த பிறகு கப்பல் ஐஸ் வியாபாரம் படுத்துவிட்டது. 1897-இல் விவேகானந்தர் வந்து தங்கியபோது அது ஐஸ் இல்லாத ஐஸ் ஹவுஸ்! 1958-இல் கோத்ரெஜ் இந்தியாவிலேயே ஃபிரிட்ஜ் செய்தது. ஆனாலும் நம் பக்கத்து நடுத்தர வீடுகளுக்கு ஃபிரிட்ஜ் வந்து சேர இன்னும் பல வருஷங்கள் ஆயின.

இடையில் நம் ஊர் மாறிக்கொண்டிருந்தது. டி.ஐ. சைக்கிள், டன்லப், 1961-இல் ஆவடியில் டாங்க் ஃபேக்டரி, 1964-இல் அம்பத்தூர் எஸ்டேட். வயலுக்குக் கூழ் கொண்டுபோன ஊர், ஷிப்டுக்கு டிபன் கேரியர் கட்டும் ஊராயிற்று. அம்பத்தூரில் ஆவின் பால் பண்ணை வந்தது. ஆவின் பாக்கெட்டே ஒரு நல்ல பாடம். பாலைச் சில நொடிகள் 72 டிகிரிக்குச் சூடாக்கி, குளிரவைத்து, பாக்கெட்டில் அடைத்து அனுப்புகிறார்கள். இறுக ஒட்டிய பாக்கெட்தான். அதை நம் சித்திரை வெயிலில் மத்தியானம் வரை வெளியே வைத்துப் பாருங்கள்! திரிந்துவிடும். மூடியிருப்பது மட்டும் காப்பாற்றாது, குளிரும் வேண்டும் என்று தினமும் காலையில் வாசலில் வந்து விழுகிற பாடம் அது.

சரி, குளிரே இல்லாமல் சாதமும் குழம்பும் மாதக்கணக்கில் இருக்கவே முடியாதா? முடியும். அதற்கு வழி கண்டவர்கள் ராணுவத்துக்காக வேலை செய்தவர்கள். 1961-இல் மைசூரில் பாதுகாப்பு உணவு ஆராய்ச்சிக் கூடம் தொடங்கப்பட்டது. ஆவடியில் டாங்க் ஃபேக்டரி வந்த அதே வருஷம்! பனிமலையில் நிற்கும் சிப்பாய்க்கு அடுப்பில்லாமல் சாப்பாடு வேண்டும். அவர்கள் கையாண்டது ரிட்டார்ட் பை. பாலியஸ்டர், அலுமினியத் தகடு, பாலிபுரொப்பிலீன் என்று அடுக்கு அடுக்காகச் செய்த பை. உணவைப் போட்டு மூடி, மூடிய பையை அழுத்தத்தில் 121 டிகிரி வரை சூடாக்குவார்கள். அதே அப்பேர் வரிசை. 1984-இல் ராகேஷ் சர்மா விண்வெளிக்குப் போனபோது எடுத்துச் சென்ற இந்தியச் சாப்பாடு இந்தக் கூடத்தில் தயாரானது. கடையில் ஃபிரிட்ஜுக்கு வெளியே அடுக்கிவைத்திருக்கும் ரெடிமேட் பொங்கலும் பிரியாணியும் இந்த வகைதான்.

பார்வைக்கு அதுவும் பை, இதுவும் பை. ஆனால் இரண்டும் வேறு. பலர் ஏமாறும் இடம் இதுதான்.

நம் வீட்டு மெஷினுக்கு வருவோம். காற்றை எடுத்து அடைக்கும் தொழில் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வளர்ந்தது. 1963-இல் ஜெர்மனியில் கார்ல் புஷ் உணவுப் பொதிகளுக்கென்றே வேக்குவம் பம்பு செய்தார். எல்லாம் தொழிற்சாலைக்கான பெரிய யந்திரங்கள். வீட்டுக்குச் சின்னதாகச் செய்வதில் ஒரு சிக்கல். வழவழப்பான பிளாஸ்டிக் பையின் வாயில் காற்றை உறிஞ்சினால் இரண்டு பக்கமும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, உள்ளே இருக்கும் காற்றுக்கு வழி அடைபட்டுவிடும். ஹான்ஸ் கிரிஸ்டன் என்பவர் பையின் ஒரு பக்கத்தில் மட்டும் வரிவரியாக மேடு பள்ளம் வைத்தார். அந்தப் பள்ளங்கள் வழியாகக் காற்று கடைசிவரை வெளியேறும். 1988-இல் அமெரிக்காவில் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. உங்கள் வீட்டுப் பையைத் தடவிப் பாருங்கள், ஒரு பக்கம் சொரசொரப்பாக இருக்கும். அந்தப் பையில் நைலான் அடுக்கு காற்றைத் தடுக்கிறது, பாலிதீன் அடுக்கு உருகி ஒட்டுகிறது. சாதாரண பாலிதீன் கவர் இந்த மெஷினில் சரிவராததற்குக் காரணம் இதுதான்.

இவ்வளவு சரித்திரத்தையும் அடுப்படிக்குக் கொண்டுவந்தால் கிடைப்பவை இவை:

1. காய்ந்த பொருள் என்றால் தாராளமாகச் சீல் செய்து அலமாரியில் வையுங்கள். பருப்பு, ரவை, முந்திரி, வற்றல், அப்பளம், காபித்தூள், நன்றாக வறுத்து ஆறவைத்து அரைத்த பொடிகள். ஈரம் இல்லாமைதான் இங்கே துணை. வண்டு வராது, வாசனை போகாது, சிக்கு வாடை வராது.

2. மீன், கறி, சமைத்த குழம்பு என்றால் சீல் செய்து நேரே ஃபிரீசரில் வையுங்கள். அங்கே இந்த மெஷின் தங்கம். பனி படிந்து மீன் வறண்டுபோவதைத் தடுக்கும். கீழ்த்தட்டில் வைத்தால் சீல் செய்யாத குழம்புக்குக் கொடுக்கும் அதே மூன்று நாள் கெடுதான். இந்தக் கிருமியில் சில வகைகள் ஃபிரிட்ஜின் குளிரிலும் மெதுவாக வளரும்.

3. உறைந்த மீனை இளகவைக்கும் முன் பையைக் கத்தரித்துவிடுங்கள். காற்று உள்ளே போகட்டும்.

4. பச்சைப் பூண்டு, வெங்காயம், காளான் மூன்றையும் இந்தப் பையில் அடைக்க வேண்டாம். உரித்த பூண்டை எண்ணெயில் போட்டு வெளியே வைப்பதும் வேண்டாம். உப்பும் புளிப்பும் தாராளமாக உள்ள ஊறுகாய் வேறு, வெறும் எண்ணெய்ப் பூண்டு வேறு.

5. முட்டைக்கோஸும் காலிஃப்ளவரும் பைக்குள் வாயு விடும். கொதிநீரில் ஒரு முறை முக்கி எடுத்து, ஈரம் துடைத்து, பிறகு சீல் செய்து ஃபிரீசரில் வையுங்கள்.

6. பை உப்பினால் ருசி பார்க்கக்கூட வேண்டாம், எறிந்துவிடுங்கள். உப்பாத பையிலும் நஞ்சு இருக்கலாம், வாடை சொல்லாமலும் போகலாம். சாப்பிட்டவருக்குக் கண் இமை தொங்கினாலோ, பார்வை இரண்டாகத் தெரிந்தாலோ, பேச்சு குழறினாலோ வீட்டு வைத்தியம் பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். என்ன சாப்பிட்டார் என்பதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

கடைசியாக நம் பகுதிக்கே உரிய ஒன்று. டிசம்பர்.

2015 வெள்ளம், 2016 டிசம்பர் 12 வர்தா புயல், 2023 மிக்ஜாம். மூன்றிலும் நம் பக்கத்துத் தெருக்களில் தண்ணீரும் இருட்டும் எப்படி நின்றன என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. கரண்ட் போனால் குளிர் என்ற காவலன் வேலையை விட்டுப் போய்விட்டான் என்று அர்த்தம். கதவைத் திறக்காமல் வைத்தால் ஃபிரிட்ஜ் சுமார் 4 மணி நேரம் குளிரைப் பிடிக்கும். நிறைந்த ஃபிரீசர் 48 மணி நேரம், பாதி நிறைந்தது 24 மணி நேரம். அதற்கு மேல் போனால், சீல் செய்த பை இறுக்கமாகவே இருந்தாலும் உள்ளே இருப்பதை நம்பாதீர்கள். 'காத்துப் புகாம இருக்கே, வீணாக்குவானேன்' என்று மனசு இழுக்கும். அந்த நாட்களில்தான் ஆஸ்பத்திரிக்குப் போகவும் வழி இருக்காது.

அந்த மாதிரி நாட்களில் நம்மைக் காப்பாற்றியது ஊறுகாய், அப்பளம், வற்றல், அவல், பொரி, பருப்புப் பொடி. எதற்கும் கரண்ட் தேவையில்லை. நவம்பர் பிறக்கும்போதே வேக்குவம் மெஷினை எடுத்து இவற்றையெல்லாம் சிறுசிறு பைகளாகப் போட்டு மேல் அலமாரியில் வையுங்கள். தீப்பெட்டி, மெழுகுவத்தி, மாத்திரைச் சீட்டு, ரேஷன் கார்டு, பிள்ளைகளின் சர்டிபிகேட் நகல் இவற்றையும் ஒரு பையில் போட்டுச் சீல் செய்யுங்கள். தண்ணீர் புகாது. இந்த மெஷினுக்கு நம் ஊரில் இதைவிட நல்ல வேலை கிடையாது.

மெஷின் வாங்கிய உறவினர், நண்பர் யாராவது இருந்தால் இதைப் படிக்கக் கொடுங்கள். முக்கியமாக, குழம்பையும் கிரேவியையும் வேக்குவம் போட்டு ஃபிரிட்ஜ் இல்லாமல் விற்கலாம் என்று யோசிக்கும் தங்கைகளுக்கு. பொடி விற்கலாம், வற்றல் விற்கலாம், வடகம் விற்கலாம். தாராளமாகப் பிழைக்கலாம்.

துவரைக்குச் செம்மண் கட்டிய கை, உப்புக்கண்டம் போட்ட கை இன்னும் உங்கள் வீட்டில் இருந்தால், அந்தப் பக்குவத்தை அளவோடு கேட்டு எழுதி வையுங்கள். எனக்கும் சொல்லுங்கள், நானும் குறித்து வைத்துக்கொள்கிறேன்.